நண்டு வாங்கிய நாற்பத்தெட்டு

நண்டுக்கு ஒன்பது வயது. நடக்கப் பழகிய காலத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே போவாளாம். அப்போது அப்பா வைத்த பெயர் அது. பள்ளியில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. வீட்டில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கே லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். அவர்கள் குடியிருந்ததோ நான்காவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லி யாராவது சிரித்தால் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார், மூச்சு வாங்கி முடித்த பிறகு.

அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க நோயாளிகளைக் கூப்பிட்டுப் பழகியதால், வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போதும் "அடுத்து!" என்றுதான் அவள் குரல் வரும்.

அக்கா அந்த வருடம்தான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். கட்டடங்களை வடிவமைக்கும் படிப்பில் சேர வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போக வசதி இல்லை. ஆனால் இணையத்தில் ஒரு தளம் இருந்தது. அதில் வரிசையாகப் பயிற்சித் தேர்வுகள், எல்லாமே இலவசம். அப்பாவின் அலுவலகத்தில் ஒதுக்கிப் போட்ட பழைய லேப்டாப் ஒன்றும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தேர்வில் தேறாவிட்டால் அடுத்த வருடம்தான் மறுபடி எழுத முடியும். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று, அப்பாவின் அலுவலகத்தில் போன் எடுத்துப் பேசும் வேலை ஒன்றைச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு வந்தாலே அக்கா எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள்.

வீட்டில் இருந்தது ஒரே மேசை. மேலே லேப்டாப்பும் அக்காவும். கீழே நண்டும் அவளுடைய வண்ணப் பென்சில்களும். அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு கேள்விக்கும் விடையை முணுமுணுத்தபடியேதான் அழுத்துவாள்.

"பதினாறு, இ. பதினேழு, ஆ. பதினெட்டு, ஈ."

ஐம்பது கேள்வியும் முடிந்ததும் மதிப்பெண் வரும். நல்ல மதிப்பெண் என்றால் திரை முழுக்க வண்ணக் காகித நட்சத்திரங்கள் கொட்டும். அந்த நேரத்தில் மட்டும் நண்டு மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்ப்பாள்.

மாலையில் அப்பா வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே கேட்பார். "இன்னைக்கு எவ்வளவு?"

"ஐம்பதுக்கு நாப்பத்தொன்பதுப்பா!"

மறுநாள் அந்த நாற்பத்தொன்பது ஊரில் உள்ள லிஃப்டுக்கெல்லாம் போய்ச் சேரும். லிஃப்டில் ஏறியவர்கள் எங்கே தப்பிப் போவது? இறங்க வேண்டிய மாடி வரும்வரை அப்பா சொல்வதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோதுதான் அது நடந்தது. அன்று விடுமுறை. அக்கா தலைக்குக் குளிக்கப் போயிருந்தாள். லேப்டாப் திறந்தே கிடந்தது. நண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அழுத்தினாள். ஒன்றுக்கு ஈ, இரண்டுக்கு அ, மூன்றுக்கும் அ. கேள்வியை அவள் படிக்கவே இல்லை. படித்தாலும் புரியாது. மேசைக்கு அடியில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் பாட்டு மாதிரி வரிசையாக வந்தது.

கடைசிக் கேள்வி முடிந்தது. திரையில் நட்சத்திரங்கள் கொட்டின.

நாற்பத்தெட்டு!

நண்டு நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றினாள். "அம்மா! நான் காலேஜுக்கே போகலாம்!" என்று கத்த வாயைத் திறந்தாள். வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

போன வாரம் வகுப்பில் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு ஐம்பத்திநாலு என்று எழுதியவள் அவள். ஆசிரியை சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். அப்படிப்பட்டவளுக்குக் கல்லூரித் தேர்வில் நாற்பத்தெட்டு.

ஒன்றும் தெரியாத எனக்கே நாற்பத்தெட்டு என்றால், அக்கா வாங்கும் நாற்பத்தொன்பதுக்கு என்ன அர்த்தம்?

திரையைக் கீழே நகர்த்திப் பார்த்தாள். தேர்வு ஒன்றுக்கு எதிரே 'மீண்டும் முயல்க' என்ற பொத்தான் பச்சையாக இருந்தது. தேர்வு இரண்டுக்கும் பச்சை, ஆனால் அதை ஒரே ஒரு முறைதான் எழுதியதாகக் காட்டியது. மூன்று, நான்கு, ஐந்து என்று இறங்கிக்கொண்டே போனவை எல்லாம் சாம்பல் நிறத்தில், யாரும் தொடாமல் கிடந்தன. அக்கா இத்தனை நாளும் போட்டுக்கொண்டிருந்தது ஒரே தேர்வைத்தான்.

அப்பாவிடம் சொல்லலாமா? வேண்டாம், பாவம், அவர் லிஃப்டுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொன்னால் உடனே அப்பாவிடம் போகும். அக்காவுக்கு நிஜமாகவே எல்லாம் தெரிந்திருக்கவும் கூடும். முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும். பதினேழாவது கேள்வியை மட்டும் திறந்து, இரண்டு தடவை படித்து மனதில் வைத்துக்கொண்டாள்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, டீச்சர் விளையாட்டு. நான் டீச்சர், நீ பொண்ணு."

"போடி, நான் படிக்கணும்."

"படிப்புக் கேள்விதான். பதினேழாவது கேள்வி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கேளுங்க டீச்சர்."

நண்டு நாற்காலியிலிருந்து இறங்கிக் குரலைக் கனமாக்கிக்கொண்டாள். "ஒரு குழாய் தொட்டியை நாலு மணி நேரத்துல நிரப்பும். இன்னொரு குழாய் பன்னெண்டு மணி நேரத்துல நிரப்பும். ரெண்டையும் சேர்த்துத் திறந்தா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம். விடை ஆ."

"அங்க மூணு மணி, ஆறு மணின்னு இருக்கு. நான் நாலு, பன்னெண்டுன்னு மாத்திக் கேட்டேன்."

அக்கா துவட்டுவதை நிறுத்தினாள்.

"குழாய் ரெண்டும் மெதுவாயிடுச்சுல்ல?" என்றாள் நண்டு. "அப்புறம் எப்படி அதே ரெண்டு மணி நேரத்துல ரொம்பும்?"

"இரு இரு. போட்டுச் சொல்றேன்." அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை இழுத்தாள். நான்கு என்று எழுதினாள், பன்னிரண்டு என்று எழுதினாள், கூட்டினாள், அடித்தாள். பென்சில் அப்படியே நின்றது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்னடி தெரியும்? நான் ஐம்பதுக்கு நாப்பத்தொன்பது வாங்கறேன்!"

"நான் நாப்பத்தெட்டு வாங்கினேன்."

"என்னது?"

நண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு ஈ. ரெண்டு அ. மூணு அ. நாலு இ. அஞ்சு ஆ..."

இருபது வரை அக்கா கேட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு அடியில் வந்து நண்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரத் தலையிலிருந்து வண்ணப் பென்சில்களின் மேல் தண்ணீர் சொட்டியது.

"முதல் தடவை எல்லாத்தையும் போட்டுத்தான் பார்த்தேன்," என்றாள் அக்கா. "முப்பது வந்துச்சு. அப்புறம் ரெண்டாவது தேர்வு. அதுல இருபத்தொண்ணுதான். அன்னைக்கு அப்பா 'பரவாயில்லம்மா'ன்னாரு. எப்படிச் சொன்னாரு தெரியுமா?"

நண்டுக்குத் தெரியும். அவளுடைய ஏழெட்டு ஐம்பத்திநாலுக்கும் அதே 'பரவாயில்லை'தான் கிடைத்தது. திட்டு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"அதனால முதல் தேர்வையே மறுபடி போட்டேன். மார்க் ஏறிச்சு. மறுபடி போட்டேன், இன்னும் ஏறிச்சு. நான் ஏமாத்தலை நண்டு. நிஜமாவே தேறிட்டேன்னுதான் நெனச்சேன்."

"அதான் இப்பத் தெரிஞ்சுடுச்சே. இன்னும் மூணு வாரம் இருக்கு. மூணாவது தேர்வைத் திற."

அக்கா திறந்தாள். இந்த முறை முணுமுணுப்பு இல்லை. பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா வந்து "அடுத்து!" என்று கூப்பிட்டும் அக்கா சாப்பிட எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மதிப்பெண் இருபத்துமூன்று. ஒரு நட்சத்திரம்கூடக் கொட்டவில்லை.

அப்போது கீழே படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

அக்காவின் கை லேப்டாப்பை மூடப் போனது. "நாப்பத்தொன்பதுன்னே சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.

"இரு, வரேன்," என்று நண்டு வெளியே ஓடினாள்.

அப்பா வழக்கம்போல இரண்டாவது மாடிப் படியில் கருவிப் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு சந்தேகம். லிஃப்ட் ரிப்பேர்னு போன் வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

"எங்க நிக்குதுன்னு கேப்பேன்."

"எத்தனை தடவை நல்லா ஓடுச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"அதைக் கேட்டு நான் என்ன பண்ண? நல்லா ஓடுற இடத்துல எனக்கு என்ன வேலை?"

"அப்ப அக்காகிட்ட மட்டும் ஏன் தினமும் எவ்வளவு, எவ்வளவுன்னு கேக்கறீங்க?"

அப்பா நண்டின் பக்கம் திரும்பினார். "என்ன ஆச்சு அக்காவுக்கு?"

"அதை அவதான் சொல்லணும். நீங்க சரியாக் கேட்டா சொல்லுவா."

அப்பா பையைத் தூக்கிக்கொண்டார். மூன்றாவது மாடியிலும் ஒரு முறை உட்காருவது அவர் வழக்கம். அன்று உட்காரவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார்.

"எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார்.

அக்கா திருதிருவென்று விழித்தாள்.

"எந்தக் கணக்கு வரலைன்னு கேக்கறாருக்கா," என்றாள் நண்டு.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே தேர்வைத் திரும்பத் திரும்பப் போட்டதையும், இன்று வந்த இருபத்துமூன்றையும், நிகழ்தகவு சுத்தமாக வரவில்லை என்பதையும், வடிவியல் பாதியில் நிற்பதையும் சொல்லி முடித்தாள்.

அப்பாவின் முகம் வாடத்தான் செய்தது. எத்தனை லிஃப்டில் சொல்லியிருக்கிறார்! ஆனாலும் அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல சரி பண்ண முடியாது. முதல்ல எதுல ஆரம்பிக்கலாம், அதைச் சொல்லு."

"குழாய்," என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அந்தத் தளத்திலேயே ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'விளக்கம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதுவும் இலவசம்தான். அக்கா அதை அன்றுதான் முதல் தடவையாக அழுத்தினாள். ஒரு மணி நேரத்தில் ஒரு குழாய் நான்கில் ஒரு பங்கு, மற்றது பன்னிரண்டில் ஒரு பங்கு. சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆக, தொட்டி நிரம்ப மூன்று மணி நேரம்.

"ரெண்டு இல்லேன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள் நண்டு.

மறுநாளிலிருந்து நண்டுக்கு எண்களை மாற்றும் வேலை கொடுக்கப்பட்டது. அக்கா ஒரு தேர்வை முடித்ததும், தப்பாகப் போட்ட கேள்விகளை நண்டு வேறு எண்களைப் போட்டுத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த வேலையில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

"ஒரு வேலையை ஆறு ஆள் எட்டு நாள்ல முடிக்கிறாங்க. அதே வேலையை ரெண்டரை ஆள் எத்தனை நாள்ல முடிப்பாங்க?"

"அது என்னடி அரை ஆள்?"

"ஒருத்தருக்கு தினமும் மத்தியானம் லீவு."

அக்கா அதையும் போட்டாள். விடை வந்தது. மதிப்பெண்ணும் ஏறியது, ஆனால் மெதுவாக. இருபத்துமூன்று, இருபத்தாறு, நடுவில் ஒரு நாள் இருபத்துநான்கு. அன்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த தேர்வைத் திறந்தாள். சாம்பல் நிறப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பச்சை ஆகிக்கொண்டு வந்தன. கடைசி வாரத்தில் முப்பத்தெட்டு வந்தது. அந்த முப்பத்தெட்டை அப்பா எந்த லிஃப்டிலும் சொல்லவில்லை என்று அவரே சத்தியம் செய்தார். ஒரே ஒரு லிஃப்டில் மட்டும் வாய் தவறி வந்துவிட்டதாம்.

தேர்வு நாளன்று அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டாள். மூன்று பேரும் தேர்வு மையத்தின் வாசலில் வெயிலில் நின்றார்கள். அப்பா இரண்டு தடவை தண்ணீர் வாங்கி வந்தார், இரண்டையும் அவரே குடித்தார்.

மணி அடித்தது. கூட்டம் கூட்டமாக வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார்கள். அக்கா கடைசியாக வந்தாள். விரல்களில் பேனா மை அப்பியிருந்தது.

அப்பா கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. நண்டுக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நான் பார்த்த கேள்வி ஒண்ணுகூட வரலை," என்றாள் அக்கா.

அம்மாவின் கை தன்னையறியாமல் அப்பாவின் கையைப் பிடித்தது. நண்டு அக்காவின் எதிரே போய் நின்றாள். "ஒண்ணுகூடவா? அப்புறம் என்ன பண்ணினே?"

"என்ன பண்றது? ஒவ்வொண்ணா உக்காந்து போட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் அக்கா சிரித்தாள். கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வர அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆயிற்று. நண்டைக் கேட்டால், அது அந்த வாசலிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்பாள்.