இருபதாயிரம் சொற்கள்

காலை ஆறரைக்கே என் வீட்டுக்காரர் லூர்து, குக்கரின் உத்தரவாத அட்டையை உரக்க வாசிக்க ஆரம்பித்துவிட்டார். “ரப்பர் வளையத்துக்கு உத்தரவாதம் கிடையாது, ஜெனிலா. கைப்பிடிக்கும் கிடையாது.” நான்கு வயது மகள் தலையாட்டினாள். துறைமுகத்தில் கிரேன் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் மனுஷன். கல்யாணமான புதிதில் என்னிடம் ‘ம்’ என்பதற்கு மேல் பேசியதில்லை.

சட்டம் அப்படி. காது கேளாமல் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு வயதில் அரசே செவிப்பொறி பொருத்துகிறது. கூடவே வீட்டுச் சுவரில் ஒரு சொல்மானி. பெரியவர்கள் பேசும் சொற்களை மட்டும் அது எண்ணும். நாளொன்றுக்கு இருபதாயிரம் பிள்ளையின் காதில் விழ வேண்டும்; குறைந்தால் சிவப்பு விளக்கு. நான்கு வயது ஆய்விலும் பிள்ளை வாய் திறக்கவில்லையென்றால் சென்னை மொழி விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு வருடமாக எங்கள் விளக்கு பச்சைதான். ஜெனிலாவோ கையைக் காட்டியே காரியம் சாதித்தாள். விடுதியில் யார் இவளுக்கு மீன் முள் எடுத்துத் தருவார்கள்?

அன்றுதான் ஆய்வு. ஆய்வு அதிகாரி கோமதி மேடம் தூத்துக்குடி வெயிலில் வியர்த்து வந்து உட்கார்ந்தார்.

“உன் பேரு என்ன கண்ணு?”

“ஜெனிலா, மேடம்!” என்றேன் நான்.

“காலையில என்ன சாப்பிட்டே?”

“இட்லியும் சாளை மீன் குழம்பும். குழம்பு குக்கர்ல வச்சது, ரெண்டு வருச உத்தரவாதம்,” என்றார் லூர்து.

மேடம் எழுந்துபோய்ச் சொல்மானியை அணைத்தார். “ரெண்டு பேரும் ஒரு நிமிசம் சும்மா இருங்க.”

“ஐயையோ, எண்ணிக்கை கொறஞ்சிரும் மேடம்!” என்றேன் நான்.

“கொறையட்டும்.”

வீடு அடங்கியது. மின்விசிறி சத்தம் எனக்கே அன்றுதான் கேட்டது. ஜெனிலா என்னைப் பார்த்தாள், அணைந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு லூர்துவின் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, அம்மா பேசி முடிச்சாச்சா?”

பாவி நான்! இரண்டு வருடமாகப் பிள்ளை தன் முறைக்குக் காத்திருந்திருக்கிறாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். லூர்து என் கையை அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

மேடம் ‘விடுதி தேவையில்லை’ என்று எழுதிவிட்டு, சொல்மானியை மறுபடி போட்டுவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் முதல்முறையாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ன செய்ய? ரப்பர் வளையத்துக்கு மட்டும் ஏன் உத்தரவாதம் இல்லை என்று கேட்க ஆரம்பித்தவள், எங்களைப் பேசவிட்டால்தானே!