கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நாத்தனார் படியேறி மேலே வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சொன்னபோதே அவளுக்கு எங்கேயோ இடித்தது.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. தண்ணீர் கொடுத்தால் சூடாக இருக்கும், ஃபேன் போட்டால் சத்தமாக இருக்கும். பேசினால் வாயாடி, பேசாவிட்டால் திமிர். வந்து மூன்றே நாளில், வீட்டுத் திரைச்சீலையின் நிறத்திலிருந்து தம்பியின் தொப்பை வரைக்கும் எல்லாவற்றுக்கும் இவள்தான் காரணம் என்று கண்டுபிடித்து முடித்தாயிற்று. தம்பிக்காரன் கெட்டிக்காரன். ஆபீஸில் அவசர மீட்டிங் என்று நழுவிவிட்டான். ஊர் சுற்றிக் காட்டும் வேலை இவள் தலையில் விழுந்தது.

சுற்றிக் காட்ட என்ன பெரிதாக இருக்கிறது? கடலுக்குள் நீளும் ஒரு பாலம், அதன் முனையில் எரியாத கலங்கரை விளக்கம். அதன் காலடியில் கிறீச்சிடும் ராட்டினம், ஆளைக் குண்டாகக் காட்டும் கண்ணாடி மண்டபம், பிளாஸ்டிக் திமிங்கலத்தின் வாயில் தலையை விட்டுப் படமெடுத்துக்கொள்ள ஒரு மேடை. எல்லாவற்றுக்கும் மேலாக 'ஆழ்கடல் அற்புதம்'. பாலத்துக்கு அடியில் இறக்கிவைத்த இரும்பு அறை அது. சுழல்படியில் இறங்கிப் போனால் ஒரு பக்கச் சுவர் மட்டும் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே சாக்கடை நிறத்தில் கடல், மருந்துக்குக்கூட ஒரு மீன் கிடையாது. இது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதன் விளம்பரத் தாளை வடிவமைத்தவளே அவள்தான். வேறு ஏதோ கடலின் ஆமைகளையும் பவளங்களையும் வெட்டி ஒட்டியது அவள் கை. அதை நம்பிக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் ஒரு தடவைகூட கீழே இறங்கியதில்லை.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணி. எனக்குக் கால் வலிக்குது" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் வந்து விரலைப் பிடித்து இழுத்தாள். ஆறு வயசு. "நீயும் வாம்மா."

"அத்தைகூடப் போ குட்டி. அங்க ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். நாத்தனாரும், அவள் கணவரும், குட்டியும் இறங்கிப் போனார்கள். அந்த மனிதருக்கு இவள் மனசுக்குள் வைத்த பெயர் 'தெரியுமோ'. எதைப் பார்த்தாலும் "இது எத்தனை டன் தெரியுமோ?" என்றுதான் ஆரம்பிப்பார்.

கால் மணி நேரம் கழித்து மூவரும் மேலே வந்தார்கள். நன்றாக இருந்தது என்றார்கள்.

"என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள்.

"நல்லா பாத்தோம்மா" என்றாள் நாத்தனார்.

தெரியுமோ ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தபடி நின்றார். கடலின் ஆழம் எத்தனை அடி, இரும்பின் கனம் எத்தனை அங்குலம், ஒன்றுமில்லை. அப்பாடா, அரை மணி நேரமாவது காதுக்கு ஓய்வு என்று நினைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"நீ முன்னாடி போம்மா" என்றாள் நாத்தனார்.

இதுவும் புதுசு. எந்த ஊருக்குப் போனாலும், வழி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், படை நடத்துகிறவள் மாதிரி முன்னால் போகிறவள் அவள். சரி, களைப்பாக இருக்கும்.

வெயில் தணிந்து பாலத்தின் பலகைகள் செம்பழுப்பாகக் கிடந்தன. ராட்டினத்தின் கிறீச்சலும், சோளப்பொரி வண்டியின் எண்ணெய் வாடையும், பலகை இடுக்கில் கடல் வந்து மோதிப் பின்வாங்கும் சத்தமும் இருபுறமும் கூடவே வந்தன. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாடை. பூச்சாடியில் பத்து நாள் மாற்றாமல் விட்ட தண்ணீரின் வாடை. அது பின்னாலிருந்து வந்தது. பின்னால் கேட்ட காலடிகளும் விசித்திரமாக இருந்தன. பெரியவர்கள் இரண்டு பேர், குழந்தை ஒன்று. குழந்தை இரண்டு எட்டு வைக்கும் இடத்தில் பெரியவர்கள் ஒன்று வைக்கவேண்டும். ஆனால் மூன்று பேரின் காலும் ஒரே நேரத்தில் விழுந்தது.

நின்றாள். சத்தமும் நின்றது.

திரும்பினாள். மூன்று முகங்களும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

கைப்பிடி ஓரமாக ஒதுங்கி, "நீங்க முன்ன போங்க அண்ணி, எனக்குச் செருப்பு வார் அவுந்துடுச்சு" என்றாள்.

அவர்கள் போகவில்லை. அவள் ஒதுங்கிய பக்கமாக மூவரும் உடம்போடு திரும்பி நின்றார்கள். அவள் இந்தப் பக்கம் வந்தாள். அவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

குனிந்து, அவிழாத வாரை அவிழ்த்து மாட்டினாள். சீ, என்ன பைத்தியக்காரத்தனம். இளிச்சவாய்க் குடும்பம் ஒன்று இளித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதானே.

"குட்டி, வா. அம்மா தூக்கிக்கிறேன்."

குட்டி வந்தாள். கனமாக இருந்தாள், நனைந்த துணிமூட்டை மாதிரி. கன்னம் சில்லென்று இருந்தது. அவள் கை பழக்கத்தில் மகளின் முதுகைத் தடவியது. காலையில் அந்தச் சட்டையின் பின்பக்க ஜிப்போடு மல்லுக்கட்டித்தான் மாட்டிவிட்டிருந்தாள். பாதியில் சிக்கி, பல்லால் கடித்து இழுத்த ஜிப்.

ஜிப் இல்லை.

விரல் மேலே போனது. தையல் இல்லை. சட்டையின் கழுத்து எங்கே முடிகிறது என்று தேடியது. முடியவில்லை. இறுக்கிப் பின்னிவிட்ட பின்னலைத் தேடியது. பின்னல் இல்லை. பிடரி இல்லை. துணியா, தோலா, மயிரா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று, சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பாக, இடுப்பிலிருந்து உச்சந்தலை வரைக்கும் ஒரே தட்டையாக.

முன்பக்கம் மட்டும் குட்டி.

இதைச் செய்தவர்கள் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து.

அவள் கத்தவில்லை. எப்படி அது முடிந்தது என்று அவளுக்கே தெரியாது. கையிலிருந்ததை மெல்லப் பலகைமேல் இறக்கினாள்.

"தண்ணி பாட்டில பெஞ்சிலேயே விட்டுட்டேன் அண்ணி. எடுத்துட்டு வந்துடறேன். இங்கயே நில்லுங்க."

"சேர்ந்தே போலாம்" என்றாள் நாத்தனார்.

"சேர்ந்தே போலாம்" என்றார் தெரியுமோ.

"சேர்ந்தே போலாம்" என்றாள் குட்டி.

நடந்தாள். பத்து எட்டு. இருபது. அப்புறம் ஓடினாள். பின்னால் யாரும் ஓடவில்லை. ஒரே காலடி மட்டும், அவசரமில்லாமல்.

அறையின் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார்.

"மூடியாச்சும்மா."

"என் பொண்ணு கீழ இருக்கா."

"மூணு பேர் போனாங்க, மூணு பேர் வந்துட்டாங்களே." அவர் அவளுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தார். "அதோ நிக்கிறாங்க பாருங்க. பாப்பா உங்களைத்தான் கூப்பிடுது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சங்கிலிக்கு அடியில் புகுந்து இறங்கினாள். இரும்புப் படி ஈரமாக இருந்தது. வழுக்கியது. முழங்கால் இடித்தது. எழுந்தாள். இன்னும் கீழே.

ஒற்றை பல்பு. துருவின் வாடை. ஆளில்லாத அறை.

கண்ணாடியில் உள்ளங்கைகளை வைத்தாள். பச்சைக் கலங்கல், வேறொன்றுமில்லை. விளம்பரத் தாளில் அவள் ஒட்டிய ஆமைகள் இல்லை, பவளம் இல்லை. "குட்டி" என்றாள். கண்ணாடியைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள்.

கலங்கல் மெல்ல விலகியது, யாரோ திரையை ஒதுக்குவதுபோல.

கடலின் தரையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்காக. தொப்பி போட்டவர்கள். கழுத்தில் கேமரா மிதக்கிறவர்கள். குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒரு அப்பா. நூறு பேர், இருநூறு பேர், அதற்குமேல் எண்ணமுடியவில்லை. வரிசை சரிந்து சரிந்து, வெளிச்சம் போய்ச் சேராத இடத்துக்குள் இறங்கியது. அந்த இருட்டுக்குள் ஏதோ ஒன்று அகலமாகத் திறந்து, மூடியது.

வரிசையின் கடைசியில் மூன்று பேர். நடுவில் இருந்தவள் சின்னவள். அத்தையின் விரலைப் பிடித்திருந்தாள்.

அவள் கண்ணாடியை முஷ்டியால் குத்தினாள். நெற்றியால் முட்டினாள். அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. குட்டியும் ஒரு அடி எடுத்து வைத்தாள்.