நான்காம் கட்டிலின் கழுத்துக் குழாய்

பத்து நாள் லீவு முடிந்து சிஸ்டர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது காலை மணி எட்டு. நல்ல வெளிச்சம். ஸ்பிரிட் வாடை. மானிட்டர்களின் ஓயாத பீப் பீப். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. அவளுக்குத்தான் ஒன்றும் உறைக்கவில்லை.

நான்காம் கட்டிலில் லாரி டிரைவர் இல்லை. செத்துப் பதினோரு நாள் ஆகிறது.

அதை மறைப்பானேன்? சிஸ்டரின் அலட்சியம்தான். அவருக்குப் போட்டிருந்தது, கழுத்து வழியாக உள்ளே இறங்கி இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் குழாய். மருந்து போக வசதி, கிருமி போகவும் அதே வசதி. அதனால் தினமும் ஒரு தாளில் கேள்வி இருக்கும்: ‘இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?’ டிரைவர் மாத்திரையை வாயால் விழுங்க ஆரம்பித்து ஐந்து நாளாகியும், இந்த மகராசி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ‘ஆம்’ என்று டிக் போட்டுக்கொண்டே போனாள். ஆறாம் நாள் குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. கட்டில் கம்பியெல்லாம் கடகடவென்று ஆடியது. ரத்தத்தில் கிருமி. எட்டாம் நாள் போய்ச் சேர்ந்தார். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

இப்போது அதே கட்டிலில், பிரசவத்தில் ரத்தம் கொட்டி மயிரிழையில் பிழைத்த பெண். வாயில் விட்டிருந்த செயற்கைச் சுவாசக் குழாயை நேற்றுதான் எடுத்திருந்தார்கள்; கழுத்துக் குழாய் மட்டும் இன்னும் இருந்தது. பெற்ற பிள்ளையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

சிஸ்டர் தாளை எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாக ‘ஆம்’ பக்கம் போனது.

கடகடகட.

கட்டில் கம்பி.

பெண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரமில்லை, நடுக்கமில்லை. பேனாவைத் தூக்கினாள். சத்தம் நின்றது. மறுபடி வைத்தாள்.

கடகடகட.

வியர்வையில் ஊறிய போர்வையின் நாற்றம் எழுந்தது. அதில் டீசல் வாடையும் கலந்திருந்தது.

‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டு நேரே டாக்டரிடம் போனாள்.

“நாலாம் பெட் கழுத்து லைன எடுத்துடலாம் டாக்டர்.”

“இருக்கட்டுமே சிஸ்டர். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு மறுபடியும் குத்திக்கிட்டு இருக்கறது?”

“போன தடவ நானும் இருக்கட்டும்னுதான் விட்டேன். ஒரு உயிர் போச்சு. இன்னைக்கே எடுங்க.”

டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டார்.

குழாய் வெளியே வந்தது. சிஸ்டர் பஞ்சை வைத்துக் கழுத்தை அழுத்திப் பிடித்தாள்.

“அவ்ளோதாம்மா, முடிஞ்சுது. சாயங்காலம் புள்ளையத் தூக்கிட்டு வரச் சொல்றேன்.”

கம்பியில் சத்தமில்லை. அப்பாடா என்று இருந்தது, பதினோரு நாளில் முதல் தடவையாக.

பெண்ணின் கண்கள் அவளைத் தாண்டி, அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றன. கட்டிப்போன தொண்டையில் கிசுகிசுத்தாள்.

“அக்கா... அவரு கழுத்துலயும் ஒண்ணு இருக்கு. அத எப்ப எடுப்பீங்கன்னு கேக்குறாரு.”