ஆறாம் நம்பர் வீட்டுக் கதவு

2002ஆம் ஆண்டு மே மாதம், ஒரு வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணிக்கு மதிவதனி ஆறாம் நம்பர் வீட்டின் பூட்டைத் திறந்தாள்.

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்தக் கட்டடம். எட்டு வாடகை வீடுகள். உரிமையாளர் கோதண்டராமன் பெங்களூரில் இருந்தார். குழாய் ஒழுகினாலும், மோட்டார் நின்றாலும், சுவரில் ஓதம் ஏறினாலும் ஆள் அனுப்பிச் சரிசெய்ய வேண்டியவள் மதிவதனிதான். ஏழு வருடமாகப் பார்க்கிறாள். யார் வந்து குறை சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டாள். "எழுதிக்கிட்டேங்க. நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்பாள். அந்தக் குரலிலிருந்த மரியாதையிலேயே வந்தவர்கள் பாதி சமாதானமாகிவிடுவார்கள்.

ஆறாம் நம்பரில் இப்போது இருப்பவள் சந்திரகலா. ஒரு பல் மருத்துவரிடம் வேலை. கணவன் ஓசூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்து போவான். குடிவந்த பதினைந்து நாளில் ஒரே குறையை இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

"அக்கா, பாத்ரூம் கதவு சிக்கிக்குது. தாழ்ப்பாளை எடுத்துட்டாலும் திறக்க மாட்டேங்குது."

முதல் முறை தச்சர் வேடியப்பன் வந்து பார்த்தார். பத்துத் தடவை திறந்து மூடினார். "நல்லாத்தானேம்மா கீது" என்று எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். இரண்டாம் முறை தானே போய்ப் பார்ப்பதாக மதிவதனி சொன்னாள். காலையில் சாவியைக் கொடுத்தபோது சந்திரகலா அவள் கையை ஒரு கணம் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போனா கதவைச் சாத்தாதீங்கக்கா."

வெளியே அக்னி நட்சத்திர வெயில் கொளுத்தியது. வீட்டுக்குள் தரை சில்லென்று இருந்தது. சமையலறையைத் தாண்டி, குறுகலான நடையின் கோடியில் குளியலறை. ஈரச் சுவரின் வாடையோடு பழைய மஞ்சள்பொடியின் வாசனையும் வந்தது.

மதிவதனி கதவைத் தள்ளினாள். உள்பக்கமாக லேசாகத் திறந்தது. இழுத்தாள், தள்ளினாள். ஒரு குறையும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் போட்ட புதுக் கதவு, புதுத் தாழ்ப்பாள். குறை இருந்தால்தான் ஆச்சரியம். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

முறையாகப் பார்த்துவிடலாம் என்று உள்ளே நின்று சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். எடுத்தாள்.

கதவை இழுத்தாள்.

வரவில்லை.

தாழ்ப்பாள் விலகித்தான் இருந்தது. கீழேயோ மேலேயோ எங்கும் சிக்கவில்லை. இழுக்கும்போது நூலளவு வந்தது. பிறகு மெல்லப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். மறுபடி நூலளவு. மறுபடி போனது.

மறுபக்கம் யாரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாருங்க? சந்திரகலா?"

மேலே ஒரு சாண் அகல ஜன்னல். அதில் தீபம் ஏற்றும் மலையின் ஒரு துண்டு தெரிந்தது. கத்தினாள். பகல் நேரத்தில் கட்டடமே வேலைக்குப் போயிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டதும் ஈரத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வெள்ளையம்மாளும் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கீழ்பென்னாத்தூர்க்காரி. தனியாக இந்த வீட்டில் இருந்தாள். போன கார்த்திகையில் மூன்று முறை ஆபீஸ் அறைக்கு வந்து சொன்னாள், கதவு உப்பிப்போய்ச் சிக்குகிறது என்று. தீபத்துக்கு ஊரே அறை கேட்டு மொய்த்த நேரம். மதிவதனிக்கு மூச்சுவிட நேரமில்லை. மூன்றாம் முறை, "தீபம் முடியட்டும்ங்க, கண்டிப்பா" என்று அனுப்பிவைத்தாள்.

தீபத்தன்று வெள்ளையம்மாள் உள்ளே மாட்டிக்கொண்டாள். தெருவெல்லாம் ஒலிபெருக்கி, லட்சம் பேரின் அரோகரா. ஒருவர் காதிலும் அவள் குரல் விழவில்லை. மூன்றாம் நாள் கதவை உடைத்தபோது அதில் சாய்ந்து உட்கார்ந்தபடி இறந்திருந்தாள்.

விசாரித்தவர்களிடம் மதிவதனி சொன்னாள், "தச்சர்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். அவர்தான் மறந்துட்டாரு."

வேடியப்பனிடம் அவள் சொல்லவே இல்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது.

மதிவதனி துள்ளி எழுந்து கதவைத் தட்டினாள். "யாருங்க அது? கதவு சிக்கிக்கிச்சுங்க! கொஞ்சம் தள்ளுங்க!"

சத்தம் கதவுக்கு அருகில் வந்து நின்றது.

"எழுதிக்கிட்டேங்க" என்றது ஒரு பெண் குரல். "நாளைக்கு ஆள் அனுப்புறேன்."

மரியாதையான, இதமான குரல்.

மதிவதனியின் குரல்.

செருப்புச் சத்தம் நிதானமாகத் திரும்பிப் போனது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. எவ்வளவு நேரம் போனதோ, மீண்டும் செருப்புச் சத்தம் வந்தது. தட்டக் கூடாது என்று நினைத்தாள். கை தானாகத் தட்டியது.

"என்னால முடியலங்க. மூச்சு முட்டுது."

"ஆள் கம்மியா இருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அதுவும் அவள் சொன்னதுதான். இரண்டாம் முறை வெள்ளையம்மாள் வந்தபோது சொன்னது.

மூன்றாம் முறை செருப்புச் சத்தம் வருவதற்குள் ஜன்னலின் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. மதிவதனி தரையில் மண்டியிட்டு, கதவின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லலைங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "தச்சர்கிட்ட நான் சொல்லவே இல்ல. பொய் சொல்லிட்டேன். என்னை விட்டுடுங்க."

கதவின் மறுபக்கம் யாரோ மெதுவாகக் கீழே உட்காரும் சத்தம். துணி உரசியது. இருவருக்கும் நடுவே ஒரு விரல்கடைப் பலகை.

"தீபம் முடியட்டும்ங்க" என்றது குரல். "கண்டிப்பா."

ஆறு மணிக்குச் சந்திரகலா வந்தாள். ஒற்றை விரலால் தள்ளினாள். கதவு திறந்தது.

"சும்மாதானேக்கா சாத்தியிருந்துச்சு?" என்றவள், தரையில் சுருண்டு கிடந்தவளின் முகத்தைப் பார்த்ததும் குனிந்து தூக்கி உட்காரவைத்தாள். அந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டாள்.

மறுநாள் காலை மதிவதனி வேடியப்பனை வரவழைத்து நடந்ததைச் சொன்னாள். தன் பொய்யையும் சொன்னாள். அவர் உளியைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லி நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேம்மா. கீழ்பென்னாத்தூர் போயி அந்தம்மா தங்கச்சி கால்ல விழுந்துட்டு வந்தேன். ஆறு மாசமா ஒழுங்கா தூங்கல."

"மன்னிச்சிடுங்க."

"என்னை இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" என்றார்.

பிறகு குளியலறைக் கதவைக் கழற்றினார். நிலைச்சட்டத்தையும் பெயர்த்தார். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதன்பின் அந்தக் கட்டடத்துக்கு அவர் வேலைக்கு வரவில்லை. மதிவதனி அந்த வாசலில் ஒரு கயிறு கட்டி, பச்சை நிறத்தில் ஒரு திரைத்துணியை மாட்டினாள். கதவே இல்லாத இடத்தில் யார் மாட்டிக்கொள்ள முடியும்?

பத்து நாள் கழித்து வீடு பார்க்க ஒரு பெண் வந்தாள். அறைகளைப் பார்த்தாள், அவளுக்குப் பிடித்துப்போனது. நடையின் கோடிக்குப் போனவள் தயங்கித் திரும்பி வந்தாள்.

"வீடு காலின்னு சொன்னீங்களே. உள்ள யாரோ இருக்காங்களே?"

மதிவதனி போய்ப் பார்த்தாள். ஓரத்தைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். திரை விலகவில்லை. கயிற்றிலிருந்து தரைவரை விறைப்பாக நின்றது.

முழங்கால் உயரத்தில் துணி கொத்தாகச் சுருங்கியிருந்தது. தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உள்ளிருந்து கெட்டியாகப் பிடித்திருப்பதுபோல.

அவள் கையை எடுத்தாள். பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது.