காணாமல் போன முப்பத்தொன்பது நிமிடம்!

குளிரறைத் தொழிலாளி முனாஸ் செத்துக் கிடந்தான்.

குளிரறைக் கதவின் உள்பக்கம். முழங்கால்கள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. இமைகளில் வெண்பனி. வலக்கை மட்டும் மேலே நீண்டபடி விறைத்திருந்தது...

அந்தக் கை தொட்டுக்கொண்டிருந்தது ஒரு சிவப்புப் பொத்தானை.

அவசர மணி!

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய அந்த மீன் கொம்பனியில் வெள்ளிக்கிழமை மதியம் ஈ காக்கை இருக்காது. பாதிப் பேர் ஜும்மாத் தொழுகைக்கு, மீதிப் பேர் சாப்பாட்டுக்கு. இரண்டு மணி கடந்து திரும்பி வந்த காவலாளி கதவைத் திறந்தான். உள்ளே மைனஸ் முப்பத்தைந்து பாகை. அவன் போட்ட அலறல் படகுத்துறை வரைக்கும் கேட்டது.

நான்கு மணி. முதலாளியின் அறை.

பிரகலாதனின் கைகளில் விலங்கு!

"அண்ணா செய்யேல்ல சேர்," என்றாள் கீர்த்தனி. கெஞ்சவில்லை. கத்தினாள்.

அந்தக் கொம்பனியின் கதவு, விசிறி, மணி எல்லாவற்றையும் சேவர் என்ற ஒரு தலைமைக் கொம்பியூட்டர்தான் ஆட்டிவைத்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் கீர்த்தனி. சேவரைப் பராமரித்தவன் அவளுடைய ஒரே அண்ணன் பிரகலாதன். இன்றைக்கு அந்தப் புரோகிராமே அவனைக் கொலைகாரன் என்கிறது. வயிறு எரியாதா?

இன்ஸ்பெக்டர் இக்ராம் ஒரு தாளை மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது உங்கட லொக். சேவர் செய்யிறதையெல்லாம் வரி வரியா எழுதி வைக்கிற பைல் எண்டு நீங்கதான் சொன்னீங்க. நான் சொல்லல்ல, உங்கட மெசின்தான் சொல்லுது. வாசிங்க."

வாசித்தாள்.

12.08 – குளிரறைக் கதவு பூட்டப்பட்டது – பிரகலாதன்.

2.11 – குளிரறைக் கதவு திறக்கப்பட்டது – காவலாளி.

"நான் பூட்டேல்ல கீர்த்தி," என்றான் பிரகலாதன். "சாப்பிடப் பாண் வாங்கச் சந்தைப் பக்கம் போனனான்."

"ஆரோட போனீங்க?" என்றார் இக்ராம்.

"தனியத்தான்."

எதிரே கதிரையில் சாய்ந்திருந்த அருளம்பலம் முதலாளி நீளமாகப் பெருமூச்சு விட்டார். வாகன இலக்கம் ஒன்றில் முடியும், கைபேசி இலக்கம் ஒன்றில் முடியும். புரோகிராமில் ஆட்களைப் பதிந்தபோதும் "எனக்கு ஒண்டாம் நம்பர்தான் வேணும் பிள்ளை" என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிக்கொண்ட மனுசன்.

"நல்ல பிள்ளையெண்டுதான் இன்ஸ்பெக்டர் வேலை குடுத்தனான். போன கிழமை இவனுக்கும் முனாசுக்கும் வாய்த்தர்க்கம். அது இப்பிடி வந்து முடியுமெண்டு நான் என்னத்தைக் கண்டன்?"

"முனாஸ் நானா சண்டை பிடிச்சது உங்களோட ஐயா," என்றாள் கீர்த்தனி. "அந்தக் கதவின்ட உள்பக்கக் கைபிடி உடைஞ்சு மூண்டு மாசம். திங்கக்கிழமை தொழில் கந்தோரில முறைப்பாடு குடுக்கப்போறன் எண்டு உங்கட முகத்துக்கு நேர சொன்னவர்."

"நான் பன்னிரண்டு மணிக்கே வீட்டை சாப்பிடப் போயிட்டன். லொக்கில என்ட பேர் எங்கயாவது கிடக்கோ? காட்டு பாப்பம்."

கிடக்கவில்லை.

கீர்த்தனி பல்லைக் கடித்தாள். இந்த மனுசனுக்காகத்தானே அவள் அந்த லொக்கையே மாற்றி எழுதினாள்!

ஆறு மாதத்துக்கு முன்பு அது வெறும் எண்களும் அடைப்புக்குறிகளுமாக இருந்தது. அருளம்பலம் தாளைக் கசக்கி எறிந்தார். "என்ன பேயெழுத்து இது? எனக்கு விளங்கக்கூடின மாதிரித் தா."

இரண்டு வாரம் குந்தியிருந்து செய்தாள். எண்களுக்குப் பதில் ஆட்களின் பெயர். ஆபத்தென்றால் சிவப்பு, சாதாரணமென்றால் பச்சை. எல்லாம் நல்ல தமிழில். பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டுமென்று முதலாளி சொன்னார். அதற்காக அவருடைய கொம்பியூட்டரில் அந்தப் பைலைத் திறந்தும் விட்டாள்.

போதாததற்கு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சின்னதாக ஒரு எண். முந்தின வரி எழுதி எத்தனை நிமிடம் கழித்து இந்த வரி எழுதப்பட்டது என்ற கணக்கு. அவளுக்காக அவளே போட்டுக்கொண்டது. வேறு யாரும் அதைப் பார்ப்பதில்லை.

கீர்த்தனி அந்த எண்ணைப் பார்த்தாள்.

தாளை இக்ராமின் பக்கம் திருப்பினாள்...

"சேர், பன்னிரண்டு எட்டுக்கும் ரெண்டு பதினொண்டுக்கும் இடையில எத்தின நிமிசம்?"

இக்ராம் விரல்விட்டுப் பார்த்தார். "நூற்று இருபத்து மூணு."

"ரெண்டாவது வரியின்ட கடைசியைப் பாருங்கோ."

84.

"முந்தின வரிக்கு எண்பத்து நாலு நிமிசத்துக்குப் பிறகுதான் கதவு திறந்திருக்கு எண்டு சேவர் சொல்லுது. அப்ப முந்தின வரி பன்னிரண்டு எட்டு இல்ல. பன்னிரண்டு நாப்பத்தேழு. அந்த வரியை ஆரோ அழிச்சிருக்கினம். இடையில முப்பத்தொன்பது நிமிசத்தைக் காணேல்ல."



அருளம்பலம் மெதுவாகச் சிரித்தார்.

"கேட்டீங்களோ இன்ஸ்பெக்டர்? ஆரோ அழிச்சவையாம். இதெல்லாம் அழிக்க ஆருக்குத் தெரியும்? கொம்பியூட்டர் படிச்சவனுக்குத்தான் தெரியும். நான் வாசிக்க மட்டும்தான் அறிவன்."

இக்ராமின் பார்வை பிரகலாதனிடம் திரும்பியது.

கீர்த்தனி காட்டிய துப்பே அண்ணனின் கழுத்தில் சுருக்காக விழுந்தது!

"அப்பிடியோ ஐயா?" அவள் முதலாளியின் பக்கம் திரும்பினாள். "அப்ப அழிச்சது கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள்தான் எண்டுறியள்?"

"வேற ஆர்?"

"சரி." தன் மடிக்கணினியை இழுத்து இக்ராமின் முன்னால் வைத்தாள். "சேர், என்ட புரோகிராம் ரெண்டு பைலில எழுதும். ஒண்டு, ஐயாவுக்காகச் செய்த வடிவான தமிழ் பைல். மற்றது, பழைய பேயெழுத்து. அது சேவரிலயே கிடக்கு. அண்ணாவுக்கும் தெரியும்."

அருளம்பலம் கதிரையில் நிமிர்ந்தார். "அதைத் தூக்கி எறியச் சொன்னனான்தானே!"

"சொன்னனீங்கள். நான் எறியேல்ல. அண்ணா அழிச்சிருந்தா ரெண்டையும் அழிச்சிருப்பார் சேர். அழிச்ச ஆளுக்குத் தமிழ் பைல் மட்டும்தான் தெரியும். ஐயா, உங்களுக்கு விளங்கவேணுமெண்டு எழுதினனான். விளங்கினபடியால்தானே எந்த வரியை அழிக்கவேணுமெண்டு உங்களுக்குத் தெரிஞ்சுது!"

திரையில் எண்கள் ஓடின. இக்ராம் முகம் சுளித்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல தங்கச்சி. வாசிச்சுக் காட்டுங்க."

"பன்னிரண்டு எட்டு, கதவு பூட்டினது. பன்னிரண்டு ஒன்பது, உள்ளுக்குள்ள இருந்து மணி அழுத்தினது. பன்னிரண்டு பத்து, மணிச் சத்தத்தைப் போனில இருந்து நிப்பாட்டினது." அவள் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள். "சத்தத்தைத்தான் நிப்பாட்டலாம் சேர், பதிவை நிப்பாட்ட ஏலாது. அதுக்குப் பிறகும் முனாஸ் நானா அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். மொத்தம் முப்பத்தொரு தரம். கடைசித் தரம் பன்னிரண்டு நாப்பத்தேழு."

"பூட்டினது ஆர்?"

"இதில பேர் இல்ல, நம்பர்தான் இருக்கு. அண்ணாவுக்கு ஏழு." அவள் விரல் திரையைத் தொட்டது. "பூட்டினதும் ஒண்டாம் நம்பர். மணியை நிப்பாட்டினதும் ஒண்டாம் நம்பர்."

அருளம்பலம் கதவுப் பக்கம் பார்த்தார்.

"பத்து நிமிசம் பயங்காட்டத்தான் நினைச்சனான்," என்றார் ஒரு வழியாக. "முறைப்பாடு, முறைப்பாடு எண்டு துள்ளினவன்... சாப்பிட்டாப் பிறகு கண் அயந்திட்டன்."

"சீ!" கீர்த்தனி மேசையில் ஓங்கி அறைந்தாள். "அந்த மனுசன் விறைச்சுச் சாக, நீங்கள் சோறு திண்டிட்டுப் படுத்தனீங்கள். எழும்பி வந்து செய்த முதல் வேலை, உங்கட பேரை எடுத்துப்போட்டு என்ட அண்ணான்ட பேரை எழுதினது. நீங்களெல்லாம் மனுசரோ?"

இக்ராம் பிரகலாதனின் விலங்கைக் கழற்றினார். அதே விலங்கை அருளம்பலத்தின் கைகளில் மாட்டினார்.

"இன்ஸ்பெக்டர், நான் ஆரெண்டு தெரியுமோ உமக்கு? இந்த ஊரில..."

"தெரியும் முதலாளி, ஒண்டாம் நம்பர்." இக்ராம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஜெயிலிலயும் நம்பர் குடுப்பாங்க. ஒண்டு காலியா இருக்கா எண்டு கேட்டுப் பாக்கிறன், நடங்க."