கடல் பார்த்த அறை

கடல் பார்த்த அறை கேட்டிருக்கக் கூடாது. முற்றம் பார்த்த அறையே போதும் என்று சொல்லியிருந்தால் எல்லாம் நல்லபடியாக நடந்திருக்குமோ என்னவோ. ஆசைப்பட்டுக் கேட்டதுதான் தப்பு. கேட்ட பிறகுதான் ஓட்டலே காணாமல் போனது.

காரைக்காலில் பெரியநாயகியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுஹைனா இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் எப்படியம்மா காணாமல் போகும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று திருமலைராயன்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். கேட்கிற ஆளாகப் பெரியநாயகி தெரியவில்லை. இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷன் வாசலை மிதிக்கக் கூசுகிற பெண்கள் இன்னமும் இங்கே வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். உரித்தபடியே, "சொல்லும்மா," என்றார்.

பக்கத்தில் அவருடைய கணவர் முருகானந்தம் நாற்காலியின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்திருந்தார். புவியியல் வாத்தியாராக இருந்தவர். மனைவியிடம் வரும் வழக்குகளெல்லாம் தனக்கு வந்தவை என்பது அவர் எண்ணம்.

சுஹைனா சொன்னாள். அவள் கணவன் ஆபித் பிரான்ஸுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. லா ரோஷெல் என்று ஒரு பழைய துறைமுக ஊர். மேற்குக் கரையில், கோட்டைக் கோபுரங்களோடு இருக்கும். அங்கே ஒரு சின்ன ஓட்டலில் அவனுக்கு வேலை. கலங்கரை விளக்கம் என்று பிரெஞ்சில் பெயர். போன புதிதில் பனி கொட்டுகிற தெருவில் நின்று வீடியோவில் பேசினான். எல்லாமே அவனுக்குச் சிரிப்பாக இருந்தது. நம்ம ஊரில் மக்கா சூரியன் விழுகிற பக்கம், இங்கே சூரியன் எழுகிற பக்கம், முதல் நாள் வழக்கம்போல மேற்கே பார்த்துத் தொழ நின்றுவிட்டேன், இன்னொருத்தர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார் என்றான். அந்தக் குளிர்காலம் முடிந்ததும் தெருவில் நின்று பேசுவது நின்றுபோனது. பிறகு பேச்செல்லாம் அறைக்குள்ளிருந்துதான்.

உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவன், விசா தள்ளிப்போகத் தள்ளிப்போக, அவளை வேறொன்றுக்குப் பழக்கினான். வந்ததும் முதலில் வீட்டுக்குப் போக வேண்டாம், நான் வேலை பார்க்கிற ஓட்டலிலேயே ஒரு வாரம் தங்கலாம், விருந்தாளி மாதிரி. அதைத்தான் ஒவ்வொரு ராத்திரியும் பேசினார்கள். எந்த மாடி, காலையில் எந்த ரொட்டி, எந்தத் தெரு வழியாகத் துறைமுகத்துக்கு நடப்பது. புர்காவுக்கு மேல் போட்டுக்கொள்ள அவள் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி, ரசகற்பூரம் போட்டு அலமாரியில் வைத்திருந்தாள். கல்யாணமாகிச் சேர்ந்து வாழ்ந்த நாட்களைவிட, இன்னும் தங்காத அந்த ஒரு வாரத்தில்தான் அவள் அதிகமாக வாழ்ந்திருந்தாள். இதை அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைப் பெரியநாயகி கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"போன வாரம் கடல் பார்த்த ரூமா நானே போட்டுட்டு அவங்ககிட்ட சொல்லலாம்னு நெனச்சேன் மேடம். எங்க தெருப் பெரியவர் சேக் அலாவுதீன் அப்பா பிரெஞ்சுப் பென்ஷன்காரர். அவரைவிட்டு அந்த ஊர் சுற்றுலா ஆபீஸுக்குப் போன் போடச் சொன்னேன். அந்தப் பேருல ஓட்டலே இல்லையாம். எப்பவும் இருந்ததில்லையாம்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேட்டியா?"

சுஹைனா இல்லை என்று தலையசைத்தாள். கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவான். அந்தப் பதிலை நம்பியும் விடுவோம். அதுதான் பயம்.

முருகானந்தத்துக்குப் பொறுக்கவில்லை. "பேர மாத்திச் சொல்லியிருக்கார்னா, அங்க நீ வந்துடக் கூடாதுன்னு அர்த்தம். வந்தா யாரையோ பார்த்துடுவே. அதாவது, ரெண்டாவதா..."

"வாத்தியாரே," என்றார் பெரியநாயகி.

சுஹைனாவுக்கு அழுகை வரவில்லை. வேறொருத்தி என்பதை இந்த ஒரு வாரத்தில் அவள் பலவிதமாக நினைத்துப் பார்த்து, அவளுக்கு ஒரு முகம்கூடக் கொடுத்து வைத்திருந்தாள்.

படங்கள் இருந்தால் காட்டச் சொன்னார் பெரியநாயகி. செல்போனில் ஆபித் அனுப்பிய அறையின் படங்கள் இருந்தன. உயரமான மரக்கதவுகள் வைத்த ஜன்னல், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், வாசலில் பிரெஞ்சு எழுத்துப் பலகை. ஒரு படத்தில் மேஜைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. அந்தப் படத்தைச் சுஹைனா சீக்கிரமாகத் தள்ளிவிடப் பார்த்தாள். பெரியநாயகி விரலை வைத்து நிறுத்தினார்.

"இது என்னன்னு நெனச்சே?"

"ஒயின்னு," என்றாள் சுஹைனா, தரையைப் பார்த்து.

ரோஜா நிற ஒயின் பிரான்ஸில் தண்ணீர் மாதிரி என்று முருகானந்தம் ஆறுதலாகச் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

கடைசிப் படம்தான் கடல் பார்த்த அறை. போன மாதம், மாங்கனித் திருவிழா முடிந்த மறுநாள் நடுராத்திரிக்கு மேல் வந்தது. இங்கே வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. அங்கே பத்து நாளாக விடாத மழை, ஒரு துணி காயவில்லை, இன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிவாங்கியது என்று எழுதியிருந்தான். திறந்த ஜன்னலுக்கு வெளியே கடல். கடலுக்குள் பாதி இறங்கிய சூரியன். ஜன்னலுக்கு முன்னால் தரையில் விரித்த முசல்லா என்கிற தொழுகை விரிப்பு. அதில் நெய்திருந்த வளைவின் நுனி நேராகச் சூரியனைக் காட்டியது. கீழே, 'நீ வந்தா இங்கதான் தொழுவே' என்று ஒரு வரி.

அந்தப் படத்தைச் சுஹைனா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மூன்று வருஷத்தில் அவளுக்கென்று யாரும் அத்தனை சரியாக ஓர் இடம் ஒதுக்கி வைத்ததில்லை.

முருகானந்தம் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். முகம் மலர்ந்தது. "தங்கச்சி, கவலைய விடு. உன் வீட்டுக்காரர் பொய் சொல்லல. நம்ம கரையில சூரியன் கடல்லேருந்து எழும்பும், கடல்ல விழாது. இதுல விழுது. அப்ப இது மேற்குக் கரை. லா ரோஷெல் மேற்குக் கரைதான். ஓட்டல் பேரு மட்டும்தான் ஏதோ குழப்பம்."

சுஹைனாவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. பெரியநாயகி அவரைக்காய்த் தட்டைக் கீழே வைத்தார்.

"மேற்குக் கரைங்கிறது சரிங்க. எந்த நாட்டு மேற்குக் கரை?" கணவரிடம் உலக உருண்டையை எடுத்து வரச் சொன்னார். அது அலமாரி மேலிருந்து தூசியோடு வந்தது. "மக்கா எங்க இருக்கு, காட்டுங்க. இப்ப பிரான்ஸ்லேருந்து அதைப் பார்க்கணும்னா எந்தப் பக்கம் திரும்பணும்?"

முருகானந்தத்தின் விரல் உருண்டையின்மேல் நகர்ந்தது. கிழக்கே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அந்த ஊர்ல தொழறவருக்குச் சூரியன் விழற கடல் முதுகுப் பக்கம் இருக்கணும்," என்றார் பெரியநாயகி. "இங்க முசல்லா கடலைப் பார்த்து இருக்கு."

பழக்கதோஷத்தில் மாற்றி விரித்திருக்கலாமே என்றார் முருகானந்தம். இப்போது அவர் குரல் சுஹைனாவுக்காகக் கெஞ்சியது.

"முதல் நாளே தோளைப் பிடிச்சுத் திருப்பிவிட்டாங்கன்னு சிரிச்சவருங்க. அதுக்கப்புறம் மறக்க மாட்டார். அதுவும் மனைவி தொழப்போற இடம்னு சொல்லி விரிச்சிருக்கார்." சுஹைனாவின் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுக்காரர் கவனமான ஆளும்மா. பொழுது சாயறப்ப எடுத்த படத்தைக் கையில வச்சிருந்து, அந்த ஊர்ல பொழுது சாயற நேரம் பார்த்து ராத்திரியில அனுப்பியிருக்கார். பழைய பிரெஞ்சு நம்பரை வாட்ஸ்அப்ல அப்படியே வச்சிருக்கார். கடிகாரத்தை ஏமாத்தினவருக்கு முசல்லாவை மாத்திப் போட மனசு வரல."

மேற்கே கடலும் மேற்கே மக்காவும் உள்ள இடம் வளைகுடாவிலும் உண்டே என்று முருகானந்தம் இழுத்தார். அங்கே ஆனியில் பத்து நாள் மழை பெய்யுமா என்று பெரியநாயகி திருப்பிக் கேட்டார். பிறகு அந்த டம்ளர் படத்தை மறுபடி எடுத்தார். அது ஒயின் இல்லை என்றார். ஒரு மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த குடிதண்ணீர். கேரளத்தில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் கொண்டுவந்து வைப்பார்கள். அவரே அதைக் குடித்திருக்கிறார். சர்வீஸில் இருந்தபோது அந்தப் பக்கம் மாற்றலாகிப் போய், காய்கிற துணியைப் பார்க்காமல் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்திருக்கிறார்.

"மலையாளக் கரையில பிரெஞ்சுப் பலகை தொங்கற ஊர் ஒண்ணுதான். நம்ம புதுச்சேரி அரசாங்கத்து ஊரே அது. மாஹே."

முருகானந்தம் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதைச் சுற்றவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் இருந்தார்.

வேறொருத்திக்குத் தயாராக இருந்தாள் சுஹைனா. ஒயினுக்குத் தயாராக இருந்தாள். மய்யித்துச் செய்தி, அவன் இறந்துபோன செய்தி, வந்தால் எப்படி உட்கார வேண்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். இதற்கு மட்டும் அவள் மனதில் இடம் இருக்கவில்லை. ஒரு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தால் விடிவதற்குள் பக்கத்தில் வந்துவிடலாம். கடல் குறுக்கே இல்லை, விசா இல்லை, குளிர் இல்லை. இத்தனை நாளாக அவள் கோபித்துக்கொண்ட தூரம் ஒன்றும் செய்யவில்லை. அவன் வரவில்லை, அவ்வளவுதான்.

"நான் பேசட்டுமா மேடம்?" என்றாள்.

பெரியநாயகி எழுந்து கணவரையும் கிளப்பப் பார்த்தார். இருங்க என்று சுஹைனா சைகை காட்டினாள். தனியாகக் கேட்டால் நம்பிவிடுவாள்.

இரண்டு தடவை மணி அடித்ததுமே எடுத்தான். இந்நேரத்தில் என்ன, வேலையில் இருக்கிறேனே என்றான்.

"மாஹேயில மழை விட்டுருச்சா மச்சான்?"

எந்த மாஹே என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று அவள் கடைசியாக ஒரு தடவை ஆசைப்பட்டாள்.

"யாரு சொன்னா?" என்றான்.

"நீங்க விரிச்ச முசல்லாதான்."

அதன் பிறகு அவன் நிறுத்தாமல் பேசினான். சொல்லிவிட மாட்டோமா என்று காத்திருந்தவன் போல இருந்தது. வேலைக்கான அனுமதி என்று ஏஜென்ட் கொடுத்த காகிதம் பொய். ஒரு குளிர்காலம்தான் தாக்குப்பிடித்தது. பிடித்து விமானம் ஏற்றிவிட்டார்கள். பம்பாயில் இறங்கினான். உம்மா தெருவெல்லாம் சொல்லிச் சொல்லி வழியனுப்பியது கண்முன் நின்றது. ஊருக்கு வரும் ரயிலில் ஏறக் கால் வரவில்லை. தெற்கே போகிற வேறொரு ரயிலில் கூட வந்தவர் ஓட்டல் வேலை ஒன்று இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் பிரான்ஸில் பார்த்த மாதிரியே ஜன்னல் கதவுகள், அதே மாதிரி எழுத்துப் பலகை. ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தானாம். பிறகு அவள் எந்த மாடி என்று கேட்க ஆரம்பித்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆக, தானும் சேர்ந்துதான் அதைக் கட்டியிருக்கிறோம், செங்கல் செங்கலாக, என்று நினைத்தாள் சுஹைனா.

"சுஹைனா, கேளு. அந்த ரூமு நெசம். கடலு நெசம். முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ வா. உம்மாகிட்ட விசா வந்துருச்சுன்னு சொல்லு. கம்பளிக் கோட்டையும் மறக்காம எடுத்துக்க, தெருவுல பார்ப்பாங்க. ஊருக்கு நாம ரெண்டு பேரும் பிரான்ஸ்ல இருக்கோம். இங்க நம்மள யாருக்கும் தெரியாது. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போகும்?"

அவள் அதை நினைத்துப் பார்த்தாள். நினைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அந்த மரக்கதவுகளைத் தன் கையால் திறப்பது. காலையில் அவன் ரொட்டி வாங்கி வருவது. பொழுது சாய்கிறபோது அந்த இடத்தில் நின்று தொழுவது. எல்லாம் இருந்தது, அவர்கள் பேசி வைத்தபடியே. பிறகு ராத்திரி ஆனதும் மாமிக்குப் போன். ஆபித்தின் உம்மா நுஸ்ரத் மாமி போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அங்கே குளிரா என்று கேட்பார். குளிர் என்று இவள் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்க, பனி என்று சொல்ல வேண்டும். மாமி மௌத்தாகிக் கண் மூடும் வரைக்கும்.

"நீங்க பட்டப்பகல்ல பஸ்ஸைவிட்டு இறங்கி, மாமி முன்னாடி உட்கார்ந்து இதைச் சொல்லுவீங்களா? கூட நான் உட்காருறேன்," என்றாள்.

"அது மட்டும் என்னால ஏலாது," என்றான். அழுகிறான் என்று தெரிந்தது. "வேற என்ன வேணாலும் கேளு. நீ வந்துடு, போதும். ஒரு வாரம் வந்து இருந்து பாரு. சும்மா விருந்தாளி மாதிரி. வர்றியா?"

பெரியநாயகி தட்டில் இருந்த அவரைக்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முருகானந்தம் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மூன்று வருஷமாகத் தன்னிடம் யாராவது கேட்க வேண்டும் என்று சுஹைனா காத்திருந்த கேள்வி அது. அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பிரெஞ்சில்கூடப் படித்து வைத்திருந்தாள்.

"இல்ல மச்சான்," என்றாள், தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "நான் வரல."