மணிக்கு முன் இறங்கிய கையுறை

வைக்கோல் சூடாக இருந்தது.

சந்தைத் திடலின் மூலையில் இருந்த பழைய கல் கொட்டடிக்குள் குனிந்து நுழைந்த டாம்சின், விழாக் காட்சிக்காகத் தானே பரப்பிய வைக்கோலை அள்ளப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நடுவில் ஓர் ஆள் படுத்தெழுந்த பள்ளம். ஈரக் கம்பளியும் பழைய வியர்வையும் கலந்த வாடை சுவரிலிருந்து மெல்லக் கசிந்து வந்தது. ஒரு காலத்தில் குடிகாரர்களையும் ஆட்டுத் திருடர்களையும் அடைத்துவைத்த இடம் அது. ஜன்னல் கிடையாது. கதவில் கம்பி போட்ட சின்ன ஓட்டை மட்டும்.

ஆல்டர்விக் ஊரில் சந்தை விழா நடக்கும் மூன்று நாளும் திடலின் கம்பத்து உச்சியில் தங்கமுலாம் பூசிய மரக் கையுறை தொங்கும். அது மேலே இருக்கும்வரை யாரையும் பிடித்து அடைக்கக் கூடாது. கொட்டடிக் கதவும் திறந்தே கிடக்கும். கடைசி நாள் மாலை தேவாலய மணி அடித்து ஓய்ந்த பிறகுதான் அதை இறக்குவார்கள்.

இந்த வருடம் பொறுப்பு டாம்சினுடையது. தூறல் விழுந்ததும், புது முலாம் பாழாகிவிடுமே என்று மணிக்கு முன்பே இறக்கிவிட்டாள்.

"இன்னும் மணி அடிக்கலையேம்மா," என்றார் தண்டோராக்காரர் சைலஸ். அவர் முகம் வெளுத்திருந்தது. "கொட்டடியிலேர்ந்து வெளியே போனவன் இன்னும் திரும்பி வந்திருக்க மாட்டானே."

"எவன்?"

"அவன் பேரை எங்கப்பாகூட வாய்விட்டுச் சொன்னதில்ல." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அப்போது சிரித்தவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. வைக்கோலை அப்படியே விட்டுக் கதவைப் பூட்டினாள்.

மழைக்குப் பயந்து கடைக்காரர்கள் முன்னமே கிளம்பியிருந்தார்கள். ஆளில்லாத திடலில் நனைந்த கித்தானின் வாடையும், பன்றி வறுத்த கொழுப்பின் வாடையும் மூடுபனிக்குள் தேங்கி நிற்க, சந்தை மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே ஈரக் கல்லில் வெறுங்கால் வைக்கும் சத்தம் கேட்டது. சப். சப். அவள் நின்றால் அதுவும் நின்றது.

குடையோடு கில் வந்தான். கணவனைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"யாரோ இருக்காங்க, கில். கையுறையை நான் சீக்கிரம் இறக்கிட்டேன்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! சைலஸ் கதை சொல்லிட்டாரா? வைக்கோலை உள்ளேயே விட்டா நாறிப்போயிடும். சாவியைக் கொடு."

"வேண்டாம், கில்."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். குடையைச் சுவரில் சாய்த்து, பூட்டைத் திறந்து, தலை குனிந்து உள்ளே போனான்.

சப் சப் சப். அவளைத் தாண்டிக் கொட்டடிக்குள் ஓடியது.

கதவு சாத்திக்கொண்டது. சாவி பூட்டிலேயே இருந்தது. இரண்டு கையாலும் முறுக்கினாள். அசையவில்லை.

"டாம்சின், விளையாடாதே. திற."

"திறக்க வரல!"

"டாம்சின்..." அவன் குரல் இறங்கியது. "இங்க இன்னொருத்தன் இருக்கான்."

பிறகு சத்தமே இல்லை.

கையுறை மேலே இருந்தால் யாரையும் அடைக்கக் கூடாது. அதுதானே சட்டம்! கம்பத்தடிக்கு ஓடினாள். அங்கே கித்தானில் சுற்றி வைத்திருந்த கையுறையைக் கயிற்றில் கட்டி அவசரமாக முடிச்சுப் போட்டாள். இழுத்தாள். ஈரக் கயிறு உள்ளங்கையைக் கிழித்தது. கையுறை உச்சிக்குப் போனது.

கொட்டடிக் கதவு திறந்தது.

கில் வெளியே வந்தான். அதே கோட்டு, அதே கண்ணாடி. அழுதுகொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். குடையை அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

"வீட்டுக்குப் போவோம்," என்று அவள் முழங்கையைப் பிடித்தான்.

ஈரக் கம்பளி வாடை.

அப்போதுதான் தேவாலய மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. அவசர முடிச்சு அவிழ்ந்தது. கையுறை கல்லில் விழுந்து உடைந்தது. கொட்டடிக் கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

"டாம்சின்! நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!"

கம்பி ஓட்டை வழியே விரல்கள் வெளியே வந்தன. கல்யாண மோதிரம் மின்னியது.

டாம்சின் மெல்லக் குனிந்து, தன் முழங்கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி கைவிலங்கு தின்ற கறுப்புத் தழும்பு. அதற்குக் கீழே, ஈரக் கல்லில், இரண்டு வெறுங்கால்கள்.

பிடி இறுகியது.